மூன்று பேருக்கு ஒரு கேமரா

"என்னங்க, இந்தக் கண்ணாடிக்குள்ள பஞ்சு மாதிரி ஏதோ இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள் மனைவி.

தையல் மெஷின் மெக்கானிக் அப்போது வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு, யாருடைய மெஷினின் அடிவயிற்றுக்குள்ளோ தலையை நுழைத்திருந்தார். வாயைத் திறந்தால் திருகாணி தொண்டைக்குள் போய்விடும் என்பதால் "ம்" என்று மட்டும் சொன்னார்.

"ம் இல்லீங்க. உங்கப்பா கேமரா."

திருகாணி கீழே விழுந்து உருண்டோடியது.

அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. எடை அளவுகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே கடைகளில் தராசு முள் தானாக நடுவுக்கு வந்துவிடும் என்று பேச்சு. அவர் விட்டுப்போன கட்டில், பீரோ, நாற்காலியெல்லாம் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டன. கேமராவில்தான் வந்தது வினை. பிள்ளைகள் மூன்று பேர், கேமரா ஒன்று.

மூத்தவள் அக்கா, பள்ளித் தலைமை ஆசிரியை. "நான் பிறந்த அன்னைக்கு அப்பா எடுத்த படமே இந்தக் கேமராவுலதான்" என்று அவள் உரிமை கொண்டாடினாள். கடைக்குட்டி தம்பி, வக்கீல். "ஆல்பத்துல இருக்கிற படத்துல முக்கால்வாசி என் படம். அதுக்கு மேல ஆதாரம் வேணுமா?" என்று கேட்டான். நடுவில் பிறந்த மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மீதிப் படங்களில் அவருடைய ஒரு தோளும் ஒரு காதும் மட்டும் ஓரமாக எட்டிப் பார்க்கும்.

கடைசியில் ஆளுக்கு ஒரு வருடம் என்று முடிவானது. அப்பா பிறந்தநாளன்று கை மாற வேண்டும். வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, படம் எடுத்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்பக்கூடாது என்று அக்கா நிபந்தனைகளைச் சொல்லச் சொல்லத் தம்பி டைப் அடித்து, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

இது மெக்கானிக்கின் வருடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தம்பியிடம் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு வியாழக்கிழமை.

ஒப்படைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூன்று பேரும் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பேசுவார்கள். பழைய கதை வரும், சிரிப்பு வரும். அந்த ஒரு நாளை விட்டால் அக்காவுக்குப் பரீட்சை, தம்பிக்கு வாய்தா, இவருக்கு மெஷின். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு காரணமே கிடையாது. கேமரா கெட்டால் அந்த நாளும் கெட்டுவிடும்.

மெக்கானிக் கேமராவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லென்ஸுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்த அலமாரி, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி.

"கேமரா ரிப்பேர் பண்றவங்க யாராவது இருப்பாங்க. அவங்ககிட்டக் கொடுத்துடலாமே" என்றாள் மனைவி.

"ஒரு மெக்கானிக் வீட்டுக் கேமராவை இன்னொரு மெக்கானிக் தொடணுமா? உள்ள என்ன இருக்கப் போகுது, நாலு ஸ்பிரிங்கும் ரெண்டு பல்சக்கரமும். எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான்."

முதலில் ஒரு துணியை எடுத்து லென்ஸை அழுத்தித் துடைத்தார். அது இருபது வருடமாக மெஷின் எண்ணெய் குடித்து வளர்ந்த துணி.

"முன்னாடி பஞ்சுதான் இருந்தது. இப்ப மழை மேகமே வந்துடுச்சு" என்றாள் மனைவி.

"வெளிய துடைச்சா இப்படித்தான் இருக்கும். பூஞ்சை உள்ளதான இருக்கு. கழற்றிடறேன்."

மூடியில் இருந்த திருகு பிடிவாதக்காரத் திருகு. அவரும் பிடிவாதக்காரர். ஒரு கட்டத்தில் திருப்புளி வழுக்கி, கேமராவின் நெற்றியில் பிறை நிலா மாதிரி ஒரு கீறலைப் போட்டது. மனைவி பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். அடுத்த முறை திருகு இளகியது. மூடி திறந்தது. உள்ளேயிருந்து தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் துள்ளி எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று அவரைப் பார்த்துவிட்டு, எங்கேயோ போய்விட்டது.

புருஷனும் பெண்டாட்டியுமாகத் தரையில் தவழ்ந்து தேடினார்கள். மெஷின் காந்தத்தைக் கொண்டு கட்டிலுக்கு அடியில் துழாவியதில் பதினேழு ஊசிகளும் ஒரு பாட்டில் மூடியும், மனைவி பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பீரோ சாவியும் கிடைத்தன. ஸ்பிரிங் கிடைக்கவில்லை.

"சாவியாவது கிடைச்சுதே" என்றாள் அவள்.

மெக்கானிக் அதற்கெல்லாம் அசரவில்லை. தையல் மெஷினின் பாபின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து, வளைத்து, நறுக்கி, உள்ளே பொருத்தி மூடினார். இரண்டு திருகு மிச்சம் வந்தது. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேமராவின் பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

'கிளிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். 'டகடகடக' என்று வந்தது.

"ரவிக்கை தைக்குது" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் பழைய சாமான் சந்தைக்குப் போனார். உடைந்த வானொலிகள், ஜோடி இழந்த செருப்புகள், கைப்பிடியில்லாத இஸ்திரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஒரு தகரப் பெட்டிக்குள் அதைக் கண்டுபிடித்தார். அச்சு அசல் அப்பாவின் கேமராவேதான். அதே கம்பெனி, அதே அளவு, அதே கறுப்பு. பெட்டி நிறைய அந்துருண்டை போட்டு வைத்திருந்ததால் கேமராவும் அந்துருண்டையாகவே மணந்தது. பொத்தானை அழுத்தினால் 'கிளிக்'. அதிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து இதில் போட்டுவிடலாம் என்பது திட்டம்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனைவி கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு இதையும் கெடுக்கணும்? இதையே உங்க தம்பிகிட்டக் கொடுத்துடுங்க. அவருக்கு என்ன தெரியப் போகுது?"

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா பொருளை மாத்திக் கொடுக்கிறதா? அடுத்தவங்க குண்டூசியைக்கூட வீட்டுக்குள்ள கொண்டுவராத மனுஷன் அவர். அவர் பிள்ளை நான். என்கிட்ட வந்து இப்படிச் சொல்றியே."

திருப்புளியைக் கையில் எடுத்தார். வாசல் மணி அடித்தது.

அக்கா நின்றுகொண்டிருந்தாள், ஒரு நாள் முன்னதாகவே. "ஞாயித்துக்கிழமை பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது. அதான் இன்னைக்கே கிளம்பிட்டேன்" என்று செருப்பைக் கழற்றியவள், மேஜையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னடா இது, ரெண்டு இருக்கு?"

"அது... ஒண்ணு பக்கத்து வீட்டுக்காரருது. சும்மா பார்த்துக் கொடுங்கன்னு கொடுத்தார்."

"இதுல அப்பாவோடது எதுன்னு எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்" என்று அக்கா கையை நீட்டி, சந்தைக் கேமராவை எடுத்தாள்.

எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். மூச்சை இழுத்தாள். கண் கலங்கியது. "அப்பா சட்டை வாசனைடா. எத்தனை வருஷம் ஆனாலும் போகலை பாரு."

அந்துருண்டை என்று சொல்ல மெக்கானிக் வாயைத் திறந்தார். முப்பது வருடமாக எந்தப் பிள்ளை முன்னாலும் கண் கலங்காத தலைமை ஆசிரியை, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணி, டீ போடட்டுமா?" என்று மனைவி பேச்சை மாற்றினாள்.

"போடும்மா" என்ற அக்கா கேமராவைக் கீழே வைக்கவே இல்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு டீ குடித்தாள். குடித்து முடித்ததும் தன் போனில் அதைப் படம் பிடித்து, 'அப்பா இப்பத்தான் கையிலேர்ந்து இறக்கி வெச்ச மாதிரி இருக்கு' என்று எழுதித் தம்பிக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"அக்கா, அது அப்பா கேமரா இல்ல. நான் நேர்ல வர்றேன். யாரும் எதையும் தொடாதீங்க" என்றான் தம்பி. கொலை நடந்த இடத்துக்கு வருகிற குரல்.

அரைமணி நேரத்தில் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்து சேர்ந்தான். அக்கா மடியில் இருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேஜையில் இருந்ததைக் கையில் எடுத்தான். அதன் நெற்றியைக் கட்டைவிரலால் தடவினான்.

"இந்தக் கீறல்" என்றான். "எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பாவுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய் மாடிப்படியில போட்டுட்டேன். அப்பா அடிக்கலை அக்கா. ஒரு வார்த்தை திட்டலை. 'யார்கிட்டயும் சொல்லாத, நான் பார்த்துக்கிறேன்'னு மட்டும் சொன்னார். முப்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லலை. இன்னைக்குத்தான் சொல்றேன்."

மெக்கானிக் அந்தக் கீறலைப் பார்த்தார். அதற்கு வயது இரண்டு நாள். அதன் ஓரத்தில் எண்ணெய்கூட இன்னும் காயவில்லை.

"கீறல் எந்தக் கேமராவுல வேணும்னாலும் இருக்கும். வாசனை பொய் சொல்லாது" என்றாள் அக்கா.

"வாசனை கோர்ட்டுல நிக்காது. கீறல் நிக்கும்."

"அப்பா விஷயத்துல கோர்ட்டைப் பத்திப் பேசாத. ஆஸ்பத்திரியில அவர் இருந்தப்ப எத்தனை ராத்திரி நீ வந்து உட்கார்ந்த?"

"நான் வரலையா? நீதான் ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன்னு நாலு நாள் வரலை."

"நாலு நாளா? எண்ணி வெச்சிருக்கியா?"

அதற்குப் பிறகு பேச்சு கேமராவை விட்டு எங்கெங்கோ போனது. யார் கல்யாணத்துக்கு யார் கடைசியில் வந்தார்கள், அப்பா யாருக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், யாருக்கு வாங்கிக் கொடுக்கவில்லை என்று முப்பது வருடத்துக் குப்பை முழுவதும் கூடத்தில் கொட்டியது. கடைசியில் அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு, ரெண்டு இருக்கு. உனக்குப் பிடிச்சதை நீ எடுத்துக்கோ. எனக்குப் பிடிச்சதை நான் எடுத்துக்கிறேன். இனிமே வருஷா வருஷம் யாரும் யார் வீட்டுக்கும் வர வேண்டியதில்லை."

பூஞ்சை பிடித்தபோதும் ஸ்பிரிங் பறந்தபோதும் வராத பயம் மெக்கானிக்குக்கு இப்போது வந்தது.

"ரெண்டு பேரும் உட்காருங்க" என்றார். "தப்பெல்லாம் என்னோடது. அக்கா கையில இருக்கிறது நான் காலையில சந்தையில வாங்கினது. அது அந்துருண்டை வாசனை. தம்பி கையில இருக்கிறதுதான் அப்பாவோடது. ஆனா அந்தக் கீறல் நான் வியாழக்கிழமை திருப்புளியால போட்டது. உள்ள இருக்கிற ஸ்பிரிங் தையல் மெஷின் ஸ்பிரிங். ரெண்டு திருகு என் சட்டைப் பையில இருக்கு."

அக்கா அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான்டா. நாங்க சண்டை போட்டா நடுவுல புகுந்து பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்குவ."

"ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன்."

"விடுங்கண்ணா" என்றான் தம்பி. "சமாதானத்துக்காகச் சொல்ற சாட்சியை நான் தினம் பத்துப் பார்க்கிறேன்."

வேறு வழியில்லாமல் மெக்கானிக் தம்பி கையில் இருந்ததை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். டகடகடக.

"கேட்டியா? இது கேமரா சத்தமா?"

தம்பி கண்ணை மூடிக் கேட்டான். "இதே சத்தந்தான்ணா. அப்பா நம்மளை வரிசையா நிக்க வெச்சு எடுக்கும்போது இப்படித்தான் சத்தம் வரும். எனக்கு அப்படியே காதுல நிக்குது."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மனைவி கேமராவின் தோல் உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். தன் பீரோவுக்குள் இருந்த உறை அது. சாவி கிடைத்ததால்தான் வெளியே வந்தது.

"உறைக்குள்ள ஒரு கடை முத்திரை இருக்குங்க. தெருப் பேரும் இருக்கு. மாமா அங்கதான் கேமரா வேலையெல்லாம் பார்த்திருப்பார் போல. கடை இன்னும் இருந்தா அவங்களையே கேட்டுடலாமே."

தம்பி முத்திரையை உற்றுப் பார்த்தான். "மூணாவது தரப்பு சாட்சி. சரி, நான் கட்டுப்படறேன்." அக்காவும் பையைத் தோளிலிருந்து இறக்காமலே தலையசைத்தாள்.

தம்பியின் காரில் போனார்கள். அக்கா முன்னால், தம்பி ஓட்ட, பின்னால் மெக்கானிக்கும் அவர் மனைவியும், இருவர் மடியிலும் ஆளுக்கொரு கேமரா. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் அக்கா கண்ணாடி வழியாகத் தன்னுடைய கேமரா பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

கடை இருந்தது. ஆனால் இப்போது அது மூக்குக்கண்ணாடிக் கடை. சுவர் முழுக்க வெறும் சட்டங்கள், கண்கள் இல்லாமல் முறைத்துக்கொண்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், எழுத்துகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி விவரத்தை வக்கீல் முறைப்படி ஆதியிலிருந்து சொன்னான். அப்பாவின் உத்தியோகத்தைச் சொன்னதும் அந்த அம்மாளின் கை நின்றது.

"தராசு ஆபீசரா? உயரமா, நெத்தியில ஒரு மச்சத்தோட?"

"அவரேதான்" என்றாள் அக்கா. "ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"மறக்க முடியுமா? எங்க வீட்டுக்காரர்தான் அப்ப கேமரா வேலை பார்ப்பார். நான் இதே இடத்துல உட்கார்ந்து சீட்டு எழுதுவேன். அவர் கண்ணை மூடுற வரைக்கும் உங்கப்பாவைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பார்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்பா எங்க போனாலும் அப்படித்தான். ஒரு தடவை பழகினவங்க விட மாட்டாங்க."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்காவின் கேமராவை வாங்கினாள். பின்மூடியைத் திறந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். "இது எங்க கைக்கு வந்ததில்ல" என்று ஓரமாக வைத்துவிட்டாள். அடுத்ததைத் திறந்தாள். மூடியின் உள்மூலையில் ஊசியால் கீறின மாதிரி சின்னதாக ஏழு என்று எழுதியிருந்தது. இத்தனை வருடத்தில் யார் கண்ணிலும் படாத ஏழு.

"இதுதான்" என்றாள். "ஏழாம் நம்பர். எங்க வீட்டுக்காரர் கையெழுத்து."

தம்பி பெருமூச்சு விட்டான். அக்கா தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் யாரோ வீட்டு அந்துருண்டைக்கு அழுதிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "நாலு நாள்னு சொன்னது தப்பு அக்கா. ரெண்டு நாள்தான்" என்றான்.

"கீறலோ, டகடகவோ, எப்படியும் இது அப்பா கேமராதான்னு உறுதியாச்சே. அது போதும். நாளைக்குப் பதினொரு மணிக்கு முறைப்படி எங்க வீட்டுலயே வெச்சுக் கொடுத்துடறேன்" என்றார் மெக்கானிக்.

அக்கா அதைக் கையில் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இந்த முறை மோந்து பார்க்கவில்லை.

மேஜைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

"கொடுங்கம்மா. இத்தனை வருஷம் கழிச்சாலும் குடும்பமா வந்து திருப்பிக் கொடுக்கிறீங்களே, ரொம்ப சந்தோஷம்."

"திருப்பியா?" என்றான் தம்பி.

"ஆமாம் தம்பி, உங்கப்பா கேமரா ரிப்பேர் முடிஞ்சு முப்பது வருஷமா உள் அலமாரியில இருக்கு, அது தயாராகிற வரைக்கும் ரெண்டே ரெண்டு நாளைக்குன்னு நாங்க இரவல் கொடுத்த கடைக் கேமராதான் இது."